வெள்ளை ஒயர் சேரும் இடம்

ஒரு வண்டியின் பின்விளக்கை அந்த வண்டியை ஓட்டுகிறவர் ஒருநாளும் பார்க்க முடியாது. பிரேக்கை மிதிக்க முன்னால் ஒரு ஆள், எரிகிறதா என்று சொல்லப் பின்னால் ஒரு ஆள், ஆக இரண்டு பேர் வேண்டும். நடீனிடம் இருந்தது ஒரே ஆள். அதுவும் அவளேதான்.

வண்டியோ சின்ன வண்டி அல்ல. ஒரு காலத்தில் ஐயோவாவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பேருந்து. ஏலத்தில் எடுத்து, இருக்கைகளையெல்லாம் பிடுங்கி எறிந்து, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, அவளும் ஹார்லனும் வீடாக்கிக்கொண்டது. மஞ்சள் பெயின்ட்டின் மேல் பச்சை அடித்ததும் அவர்கள்தான். மழை பெய்தால் ஜன்னல் ஓரங்களில் இன்னமும் மஞ்சள் எட்டிப்பார்க்கும்.

ஏழு குளிர்காலமாக அவர்கள் போய்வந்த முறை ஒன்றே. நடீன் பேருந்தை ஓட்டுவாள். ஹார்லன் பின்னால் அவர்களுடைய சின்ன வெள்ளைக் காரை ஓட்டி வருவார். முகாம் போட்ட இடத்துக்குத் தண்ணீர் கொண்டுவர, காய்கறி வாங்க, துணி துவைக்கப் போக எல்லாவற்றுக்கும் கார்தான். மணல் தடத்தில் அத்தனை நீளப் பேருந்தைத் திருப்பிக்கொண்டு போய் ஒரு டஜன் முட்டை வாங்கிவர முடியாது. இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு வாக்கி டாக்கி. "வலது பக்கம் திரும்பறேன்" என்பாள் அவள். "பார்த்துட்டேன்" என்பார் அவர். நாளெல்லாம் அவ்வளவுதான் பேச்சு. அதுவே போதுமாயிருந்தது.

இந்தக் குளிர்காலம் பாதியில் ஹார்லனின் முழங்கால்கள் போதும் என்றுவிட்டன. முழங்கால்கள் மட்டுமல்ல, அவரும். டூசானில் இருக்கும் மகள் ஜோலீன் வந்து அழைத்துப் போனாள். ஆடாத தரை, கையால் திறந்தால் வெந்நீர் வரும் குழாய், கொல்லையில் ஆரஞ்சு மரம். "நீயும் வா" என்றார். "நான் இன்னும் முடிக்கல" என்றாள் நடீன். எதை முடிக்கவில்லை என்று அவர் கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவர் கேட்கவில்லை.

அதனால்தான் இப்போது இழுவைக் கொக்கி. இரண்டு வண்டி, ஒரே ஆள் என்றால் ஒன்றை மற்றொன்றின் பின்னால் கட்டித்தான் இழுக்க வேண்டும். கட்டி இழுத்தால் பேருந்தின் பின்விளக்கைக் கார் மறைத்துவிடும். பின்னால் வரும் லாரிக்காரனுக்கு இவள் எப்போது நிற்கப் போகிறாள், எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று தெரியாது. ஆகவே காரின் பின்னாலும் விளக்கு வேண்டும். பேருந்தில் மிதித்தால் காரில் எரிய வேண்டும்.

அதற்கு நாளைக் காலை வரைதான் அவகாசம். குவார்ட்ஸைட் ஊருக்கு வெளியே அந்தப் பாலை நிலத்தில் காசில்லாமல் தங்கலாம், ஆனால் இரண்டு வாரம்தான். பிறகு கிளம்பியாக வேண்டும். அந்த நிலத்தைக் கவனிக்கும் ரேஞ்சர் பெண் சிரித்த முகத்தோடு வந்து ஞாபகப்படுத்துவாள். விளக்கு எரிந்தால் பேருந்தும் காரும் சேர்ந்து தெற்கே ஏஜோ என்ற ஊருக்குப் போகும். எரியாவிட்டால் ஒன்றை இங்கேயே விட்டாக வேண்டும். எதை விடுவது என்பதில் ஹார்லனுக்குச் சந்தேகமே இல்லை.

காரைக் கொக்கியில் மாட்டிவிட்டு, காலையிலிருந்து நடீன் பேருந்தின் வாலில் குந்தியிருந்தாள். பள்ளிப் பேருந்தின் பின்புறத்தைத் திறந்தால் ஒயர் கற்றை குடலைப் போலச் சரிந்து விழும். பிள்ளைகள் இறங்கும்போது மினுக்கும் பெரிய சிவப்பு விளக்குகளின் ஒயர்கள், எச்சரிக்கை மணியின் ஒயர்கள், எதற்கென்றே தெரியாத பழுப்பு ஒயர் ஒன்று. பேருந்து பள்ளியை விட்டு வந்த பிறகு அவற்றில் பாதிக்கு வேலை இல்லை, ஆனால் அவை போகவும் இல்லை. நடீன் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் முப்பது வருஷம் இயந்திரங்களோடு இருந்தவள். ஒயரைக் கண்டு பயப்படுகிறவள் அல்ல. மின்சாரம் இருந்தால் எரியும் டெஸ்ட் லைட்டின் ஊசியை ஒவ்வொன்றிலும் குத்தி, இது பிரேக், இது இடது, இது வலது, இது இரவு விளக்கு என்று காகித ஒட்டுத் துண்டு சுற்றி எழுதிவைத்தாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பேருந்தில் பிரேக் விளக்கு சிவப்பு, இண்டிகேட்டர் மஞ்சள். இரண்டும் தனித்தனி பல்பு, தனித்தனி ஒயர். காரின் கூரைமேல் காந்தத்தால் ஒட்டிவைக்கும் இழுவை விளக்கிலோ பக்கத்துக்கு ஒரே ஒரு சிவப்பு பல்புதான். பிரேக் போட்டால் அதுவே நின்று எரிய வேண்டும், திரும்பினால் அதுவே மினுக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இடது பக்கம் திரும்பினால்? இடது மினுக்க வேண்டும், வலது நின்று எரிய வேண்டும். இதைத் தீர்ப்பதற்கென்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி விற்கிறார்கள். பேருந்தின் பிரேக், இடது, வலது ஒயர்கள் மூன்றும் ஒரு பக்கம் உள்ளே போகும். காருக்கான இரண்டு ஒயர்கள் மறுபக்கம் வெளியே வரும். இரண்டு கட்டளைகள் ஒரே பல்புக்கு வந்தால் எதற்கு வழிவிடுவது என்று அந்தப் பெட்டி முடிவு செய்யும். நடீனுக்கு அந்தப் பெட்டியை மிகவும் பிடித்துப்போயிற்று. வாங்கிய அன்று பொட்டலத்தின் பின்பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

கடைசியாக மிஞ்சியது இழுவை விளக்கிலிருந்து வரும் வெள்ளை ஒயர். எர்த். அதை எங்கே சேர்ப்பது என்று பார்த்தாள். பின்கதவுக்கு உள்ளே, கட்டிலுக்கு அடியில் செப்புப் பட்டை ஒன்று இருந்தது. வீட்டு விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றின் எர்த் ஒயரும் வந்து சேரும் பட்டை. ஹார்லனும் அவளும் முதல் வருஷம் பூட்டியது. இதில் சேர்த்தது எதுவும் இதுவரை கைவிட்டதில்லை. ஒரு கை தூரம்தான். வெள்ளை ஒயரை அதில் திருகிவிட்டு எழுந்தாள்.

பக்கத்து வேனிலிருந்து டெல்பர்ட் மடக்கு நாற்காலியையும் காபிக் குவளையையும் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபதைத் தாண்டியவர், தனி ஆள். காருக்குப் பின்னால் கற்களை வட்டமாக அடுக்கி இரவில் அவர் தீ மூட்டும் இடத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். நடீன் அவர் கையில் ஹார்லனின் வாக்கி டாக்கியைக் கொடுத்துவிட்டு முன்னால் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

"கேப்டன், நான் ரெடி" என்றது அவள் கையிலிருந்த கருவி. "எதைப் பார்க்கணும்னு சொல்லுங்க. முன்னாடி கார் தெரியுது, பின்னாடி பாலைவனம் தெரியுது."

"வாய மூடிட்டு விளக்கப் பாருங்க, டெல்பர்ட்."

"வாய மூடிட்டா எப்படிச் சொல்றது?"

"இடது போடறேன்."

"இடது மினுக்குது. ஜோரா மினுக்குது."

"வலது."

"அதுவும்தான். ஆமா, இந்த வேலைக்கு உங்க வீட்டுக்காரருக்குச் சம்பளம் உண்டா, இல்ல சாப்பாடு மட்டும்தானா?"

"சாப்பாடு மட்டும்தான். அதுவும் அவர் சமைச்சது."

கருவியில் சிரிப்பு கரகரத்தது. "பிரேக் போடுங்க. ஆ, ரெண்டும் செக்கச்செவேல்னு எரியுது. பாஸ் பண்ணிட்டீங்க. அவர் எப்ப திரும்பி வரார்?"

நடீன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். "முழங்கால் சரியானதும்" என்றாள்.

"என் முழங்கால் சரியாகும்னு நானும் நிக்சன் ஜனாதிபதியா இருந்த காலத்துல இருந்து காத்துட்டிருக்கேன்" என்றார் டெல்பர்ட்.

அவருடைய இரண்டு வாரம் அன்றோடு முடிந்தது. நெவாடா பக்கம் போகிறார். நாற்காலியை மடக்கி வேனில் போட்டுவிட்டு, "ரேடியோவ உங்க கார் சீட்டுல வச்சுட்டேன், கேப்டன்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். "அடுத்த வருஷம் இதே இடம்?"

"உங்களுக்கு இடத்தப் பிடிச்சு வைக்கிறேன்" என்றாள்.

வேன் போன பிறகு தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மதியத்துக்கு மேல், காலையில் நேராகக் கிளம்ப வசதியாயிருக்கட்டும் என்று பேருந்தைச் சற்று முன்னால் நகர்த்தி நிறுத்தினாள். கார் உருண்டு பின்னால் வந்து நின்றது. எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் நடந்தாள்.

எரியவில்லை.

இடது இல்லை, வலது இல்லை. முன்னால் போய் மாற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். துடைப்பக் கட்டையைப் பிரேக்குக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி பின்னால் வந்தாள். தனியாளாக இந்தச் சோதனை எல்லாவற்றையும் செய்யலாம். நடைதான் அதிகம். பல்பைக் கழற்றிப் பார்த்தாள், இழை அறுந்திருக்கவில்லை. ஃப்யூஸ் போயிருக்கவில்லை. கறுப்புப் பெட்டிக்குள் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. டெல்பர்ட் இருந்தபோது எரிந்தது, அவர் போனதும் எரியவில்லை. இது எந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்திலும் எழுதியிருக்காது.

சாயங்காலம் ஹார்லன் கூப்பிட்டார்.

"எரியுதா?"

"காலையில எரிஞ்சுது. இப்ப இல்ல."

"அப்ப எரியலன்னு அர்த்தம்." அவர் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "நடீன், சொன்னாக் கேளு. கொக்கியக் கழட்டிப் போடு. கார எடுத்துக்கிட்டு நாளைக்கு இங்க வந்து சேரு. பஸ்ஸ ஊருக்குள்ள ஏதாவது யார்டுல விட்டுட்டா யாராவது வாங்கிக்குவாங்க. ஜோலீன் ரூமுக்கு பெயின்ட் கூட அடிச்சுட்டா. உனக்குப் பிடிச்ச கலர்தான்."

"எனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"இரு, அவகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

"வேணாம் விடு. எப்படி இருக்கு முழங்கால்?"

"படியே இல்லையே, இங்க அது எதுக்கு வலிக்கும்? நான் சொல்றதக் கேட்டியா? அந்த ரெண்டு வண்டியையும் ஒரு ஆள் கொண்டுபோக முடியாது. பின்னாடி ஒரு ஆள் வேணும்."

"அதுக்குத்தான் விளக்கு மாட்டறேன்."

"விளக்கு உங்கிட்டப் பேசுமா?"

அவர் அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. இருவரும் சாப்பிடு, நீயும் சாப்பிடு என்று வைத்துவிட்டார்கள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. துடைப்பக் கட்டை இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறது, பேட்டரி வீணாகிறது என்று ஞாபகம் வந்து நடீன் எழுந்தாள். காரைச் சுற்றிப் போக அலுப்பு. பேருந்துக்கும் காருக்கும் நடுவில் இருந்த இழுவைத் தண்டின்மேல் ஒரு காலை வைத்து ஏறினாள்.

காருக்குப் பின்னால், டெல்பர்ட் விட்டுப்போன கல்வட்டம் சிவந்தது.

அவள் அசையாமல் நின்றாள். காலை மெல்ல எடுத்தாள். கற்கள் இருண்டன. மறுபடி மிதித்தாள். சிவந்தன.

கொக்கி என்பது இரும்புக் குண்டு ஒன்றின்மேல் கவிழ்ந்து உட்காரும் இரும்புக் கிண்ணம். நடுவில் மசகு. அவள் எடை அழுத்தும்போது இரும்பு இரும்பைத் தொடுகிறது, விளக்கு எரிகிறது, எடுத்தால் மசகு பிரித்துவிடுகிறது. காலையில் கார் சரிவில் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றதால் இரும்பு தொட்டுக்கொண்டிருந்தது. முன்னால் நகர்த்தியபோது விட்டுப்போயிற்று. அப்படியானால் மின்சாரம் திரும்பிப்போவது வெள்ளை ஒயர் வழியாக அல்ல. விளக்கின் காந்தத்திலிருந்து காரின் உடம்பு வழியாக, தண்டு வழியாக, இந்த மசகுக் குண்டு வழியாக எப்படியோ தட்டுத்தடுமாறி வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. வெள்ளை ஒயர் அதைக் கொண்டுபோகவே இல்லை.

ஏன் கொண்டுபோகவில்லை என்று யோசித்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மின்சாரம் போனால் மட்டும் போதாது. எந்த பேட்டரியிலிருந்து புறப்பட்டதோ அதே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். திரும்ப வழியில்லை என்றால் அது புறப்படுவதே இல்லை. அவளுடைய பேருந்தில் இருந்தது இரண்டு பேட்டரிக் குடும்பம். எஞ்சினுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. எஞ்சின் மின்சாரம் வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாகத் திரும்பும். வீட்டு மின்சாரம் கூரையிலுள்ள சோலார் தகட்டில் வெயிலிலிருந்து பிறந்து, செப்புப் பட்டை வழியாகத் தன் பேட்டரிக்கே திரும்பிவிடும். இரண்டுக்கும் எங்கேயும் சம்பந்தம் இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததே ஹார்லன்தான். "நீ விடிய விடிய லைட் போட்டுப் படிப்ப, காலையில பஸ் கிளம்பாது. ரெண்டையும் தொட விடாதே" என்றார் அன்று. எர்த்தைக் கூடவா என்று அவள் கேட்டாள். எர்த்தையும்தான் என்றார். சரியென்று இருவரும் சேர்ந்துதான் பிரித்து வைத்தார்கள்.

மற்ற பேருந்துகளில் அந்தப் பட்டையைச் சட்டத்தோடு கோத்திருப்பார்கள். இவள் பேருந்தில் மட்டும் இல்லை. எஞ்சினிலிருந்து வந்த மின்சாரத்தை, அதைத் தெரியவே தெரியாத ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டிருந்தாள். தன் கையாலேயே.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்துச் சரளைக்கல் மேல் விரித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பேருந்துக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். சட்டத்தில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து உப்புத்தாளால் தேய்த்தாள். முதலில் சேறு, பிறகு துரு, அதற்கடியில் ஐயோவாவில் யாரோ அடித்த கறுப்பு பெயின்ட். இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தாள். பெயின்ட்டின் மேல் ஒயரை வைத்துத் திருகினால் திருகியதாகத் தோன்றும், ஆனால் அது தொடாது. வெள்ளை ஒயரைச் செப்புப் பட்டையிலிருந்து எடுத்து, நீளம் கூட்டி, இங்கே கொண்டுவந்து போல்ட் போட்டு முறுக்கினாள். துரு வராமலிருக்க மேலே கொஞ்சம் மசகு பூசினாள்.

வெளியே வந்தபோது கற்கள் சிவந்திருந்தன. தண்டின்மேல் ஏறி நின்றாள், இறங்கினாள். காரைப் பிடித்து ஆட்டினாள். ஓங்கி ஓர் உதைகூட விட்டாள். சிவப்பு அசையவில்லை. முன்னால் போய் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்தாள். இடது மினுக்கியது, வலது நின்று எரிந்தது. கறுப்புப் பெட்டி பொட்டலத்தில் சொன்ன மாதிரியே நடந்துகொண்டது.

"பாருங்க!" என்று திரும்பினாள்.

வேன் நின்ற இடத்தில் டயர் தடம் இருந்தது. தூரத்தில் யாரோ ஒருவரின் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. ஹார்லனைக் கூப்பிடலாம் என்று கைபேசியை எடுத்தாள். எரியுது என்று சொல்லலாம். சொன்னால் அவர் சந்தோஷப்பட மாட்டார், ஆனால் சந்தோஷப்பட்டதுபோல் பேசுவார். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, கல்வட்டத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடது மினுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் காரைத் தயார் செய்தாள். கியரை நியூட்ரலில் வைத்தாள். கைப்பிரேக்கை இறக்கினாள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் தானாகத் திரும்பும்படி சாவியை ஒரு கட்டம் திருப்பிவிட்டாள். ஓட்டுநர் இருக்கையில் ஹார்லனின் வாக்கி டாக்கி கிடந்தது. டெல்பர்ட் அணைக்காமல் போட்டுவிட்டுப் போயிருந்தார். சின்னச் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கக் கை நீட்டியவள் அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நெடுஞ்சாலையில் பேருந்து தன் வழக்கமான வேகத்தில், அதாவது எல்லோரும் முந்திக்கொண்டு போகும் வேகத்தில் போயிற்று. நேராகப் போகும்போது கார் கண்ணாடியில் தெரியவில்லை. வளைவில் மட்டும் பக்கவாட்டில் எட்டிப்பார்த்தது. ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் ஸ்டியரிங் தானாகச் சுழன்று தானாக நேரானது. முதல் வளைவில் நடீன் சட்டென்று பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டாள். நாலாவது வளைவில் அவள் அதை எதிர்பார்த்துக் கண்ணாடியைப் பார்த்தாள்.

கிலா பெண்டில் சாலை பிரிகிறது. இடது பக்கம் போனால் டூசான். ஆரஞ்சு மரம், புதிதாக பெயின்ட் அடித்த அறை. வலது பக்கம் ஊருக்குள் போய்த் தெற்கே திரும்பினால் ஏஜோ, அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. சந்திப்பில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினாள். இத்தனை நேரம் எந்த யோசனையும் இல்லாமல்தான் ஓட்டி வந்திருந்தாள். கை வலது இண்டிகேட்டரைத் தட்டியது. டிக், டிக் என்று அது எண்ண ஆரம்பித்தது.

பழக்கம் விடவில்லை. பக்கத்திலிருந்த கருவியை எடுத்து அழுத்தினாள்.

"வலது பக்கம் திரும்பறேன்."

விரலை எடுத்தாள். கரகரவென்று காற்றுச் சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

பச்சை விழுந்தது. திரும்பியதும் மூலையில் ஒரு பெட்ரோல் பங்க், அதன் கடைக்கு முழு அகலத்துக்கும் கண்ணாடிச் சுவர். அதில் ஒரு பச்சைப் பேருந்து மெதுவாகப் போயிற்று. நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. அதன் வால் முடிந்ததும் ஒரு சின்ன வெள்ளைக் கார், சொன்ன பேச்சு கேட்டு வளைந்து, கூரையில் வலது பக்கச் சிவப்பு விட்டுவிட்டு மினுக்க, பின்னாலேயே வந்தது. உள்ளே யாருமில்லை. சற்று முன்பு அந்த இருக்கையில் அவள் குரல் கேட்டிருக்கும்.

"பார்த்துட்டேன்" என்றாள் நடீன், கருவியை அழுத்தாமலேயே.